கழற்றி வைத்த ரேடியோ

இதில் ஒரு வரிகூடக் கற்பனை கிடையாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இது பட்டப்பகலில் நடந்தது. சுள்ளென்ற வெயிலில், இருநூறு பேர் நடமாடும் ஒரு விமானத் தளத்தில். நவாத்தா தொகுஜி போருக்குப் பிறகு இதை இரண்டே பேரிடம் சொன்னார். ஒருவர் அவர் மனைவி. மற்றவன் நான். என்னிடம் இரண்டு தடவை சொன்னார், எட்டு வருஷ இடைவெளியில். தேதி மாறவில்லை. மணி மாறவில்லை.

1942. ரபவுல், ஜப்பானியர் பிடித்திருந்த ஒரு தீவுத் துறைமுகம். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் எரிமலை எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். சோற்றிலும் சாம்பல், படுக்கையிலும் சாம்பல். ஜப்பானியக் கடற்படையின் சண்டை விமானப் பிரிவு ஒன்று அங்கே இருந்தது. வந்து இறங்கியபோது இருபத்தேழு விமானங்கள். அந்தப் பிரிவில் நவாத்தா ரேடியோ மெக்கானிக். வயது இருபத்துமூன்று.

எல்லாம் ஒற்றை ஆள் ஓட்டும் விமானங்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் அமெரிக்கர்கள் இருந்த குவாடல்கனால் தீவுக்குப் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அங்கே கால் மணி நேரச் சண்டை. திரும்பி வர மறுபடி மூன்றரை மணி நேரம். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்தால்தான் ஊர் வந்து சேரலாம். விமானத்தில் இருந்த ரேடியோவிலோ கரகர சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்காது.

"டேய் ரேடியோ! இந்தக் கரகரப்பைக் கேக்கவா நான் அவ்வளவு தூரம் போறேன்? கழட்டி எறிடா. பதினேழு கிலோ கொறையும். ரெண்டு வாளி பெட்ரோலாவது மிஞ்சும்" என்றான் இசோகாய்.

இசோகாய் விமானி. நவாத்தாவின் ஊர்க்காரன். ஒரே மீன்பிடித் துறைமுகம், ஒரே பள்ளிக்கூடம். வாய் ஓயாது.

மற்ற விமானிகளும் அதையே கேட்டார்கள். மேலிடமும் சரி என்றது. நவாத்தாவே ஒவ்வொன்றாகக் கழற்றினான். அதற்குள் மிஞ்சியிருந்தவை பதினெட்டு விமானங்கள்; மொத்தம் பதினெட்டுப் பெட்டிகள். தென்னோலைக் கொட்டகையில் பலகை அடித்து அவற்றை வரிசையாக வைத்தான். எந்தப் பெட்டி எந்த விமானத்துடையது என்று மேலே சுண்ணக்கட்டியால் எண் எழுதினான். பாட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெறும் பெட்டிகள். மேலே சாம்பல் படிந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 28. காலை 11.42.

நவாத்தா கொட்டகையில் தனியாக உட்கார்ந்து ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். பிறகு காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல ஒரு சீறல். பல்லி என்று நினைத்தான். சீறல் நிற்கவில்லை. எழுந்து போய்ப் பலகையில் காது வைத்துக் கேட்டான்.

128-ஆம் எண் பெட்டி.

தொட்டான். சூடாக இருந்தது. உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள். ஓடி வந்தவன் வாங்குவது போல. நாலைந்து மூச்சு... பிறகு ஒன்றும் இல்லை.

அன்று ஒன்பது விமானங்கள் போயிருந்தன. மதியம் 3.15-க்கு எட்டுதான் திரும்பின. வராதது 128.

"கண்ணு முன்னாடி எரிஞ்சு விழுந்தான்" என்றான் இசோகாய். அன்று அவன் வாயில் கேலி இல்லை.

"மணி என்ன இருக்கும்?"

"பதினொன்னே முக்காலுக்குக் கொஞ்சம் முன்ன. ஏன்டா?"

பக்கத்துக் கொட்டகையில் ஷிமாதானி என்ற எழுத்தர் பிரிவின் போர்ப் பதிவேட்டை வைத்திருந்தார். யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று தினமும் அதில் எழுதுவது அவர் வேலை. நவாத்தா எட்டிப் பார்த்தான். பேருக்கு நேராக 'திரும்பவில்லை' என்று எழுதி, ஈரம் காய ஊதிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 2. இரண்டு பெட்டிகள். 10.58-க்கு ஒன்று, 11.20-க்கு ஒன்று. இந்தத் தடவை மூச்சு மட்டும் இல்லை. பேச்சும் இருந்தது.

"எந்தப் பக்கம்?... எந்தப் பக்கம்?"

இரண்டு விமானங்களும் வரவில்லை.

அக்டோபர் 5. அன்று மழை. யாரும் பறக்கவில்லை. விமானிகள் எல்லோரும் கூடாரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் நவாத்தா நிம்மதியாகக் கொட்டகைக்குள் போனான்.

மதியம் 12.05. 'க்ளிக்'.

128. எரிந்து விழுந்து ஒரு வாரம் ஆன விமானத்தின் பெட்டி.

"இன்னும் கடல்தான்... கரையே காணோம்..."

நவாத்தா மழையில் வெளியே ஓடினான். தலைமை மெக்கானிக் தொபே எஞ்சினுக்குத் தார்ப்பாய் மூடிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். நவாத்தா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

தொபே அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "மலேரியாடா உனக்கு. கொய்னா மாத்திரை முழுங்கினியா இல்ல துப்பிட்டியா?"

"ஐயா, நீங்களே வந்து கேளுங்க."

"நான் வர மாட்டேன்." சட்டென்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கொட்டகைப் பக்கம் நான் போறதே இல்ல. கவனிச்சதில்லையா நீ?"



நவாத்தா இசோகாயிடமும் சொன்னான். இசோகாய் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் விமானத்தின் எண் 163.

"என் பொட்டி என்னடா சொல்லுது? எனக்குக் கல்யாணம் எப்போன்னு கேட்டு வை."

"வெளையாடாத. ரேடியோவத் திரும்ப மாட்டிக்கோ. உன் வண்டிக்கு மட்டும். நான் மாட்டித் தர்றேன்."

"பதினேழு கிலோவா? நீ வேணா ஏறி உக்காரு, பேச்சுத் துணைக்காவது ஆவ."

அக்டோபர் 10. மறுநாள் பறக்கிறவர்கள் பட்டியலில் இசோகாயும் இருந்தான். நவாத்தா மறுபடி தொபேயிடம் போனான். 163-இல் கோளாறு என்று எழுதி, ஒரு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கெஞ்சினான். தொபே முடியாது என்று தலையை ஆட்டினார்.

"பறக்கற நெலமையில இருக்கறதே ஏழு வண்டிதான். அவன நிறுத்தினா அந்த எடத்துல வேற ஒருத்தன் போவான். அவன் பேரையும் நீயே சொல்லு பாப்போம்."

அன்று பொழுது சாய்வதற்குள் நவாத்தா 163-ஆம் பெட்டியைச் சாக்கில் போட்டு, இரண்டு கல்லைச் சேர்த்துக் கட்டி, படகுத்துறையில் நின்று கடலில் எறிந்தான். பெட்டியே இல்லாவிட்டால் எது கூப்பிடும்? அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்டோபர் 11. காலை 7.30-க்கு ஏழு விமானங்கள் கிளம்பின. இசோகாய் ஒரு கையில் சோடா பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

நவாத்தா ஒன்பது மணிக்கே கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

11.00. சத்தம் இல்லை.

11.30. இல்லை.

12.00. சண்டை முடிந்து திரும்பிக்கொண்டிருப்பார்கள். நவாத்தா மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு சிகரெட் பற்றவைத்தான். கைகூடிவிட்டது என்று தோன்றியது.

12.38.

'க்ளிக்'.

ஒரு பெட்டி மட்டும் அல்ல. பலகையில் இருந்த பதினேழும்.

ஒரே நேரத்தில். ஒரே சீறல். பலகை அதிர்ந்தது. மேலே இருந்த சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"டேய் ரேடியோ..."

இசோகாயின் குரல்.

"சுத்தியும் மேகம்... ஒண்ணும் தெரியல... எந்தப் பக்கம்டா?"

பேசுவதற்கு அங்கே கருவி ஏது? இருந்தாலும் நவாத்தா பேசினான். பெட்டிகளைப் பார்த்துக் கத்தினான்.

"முந்நூத்தி நாலு! இசோகாய், முந்நூத்தி நாலு! நேரா வா!"

குவாடல்கனாலில் இருந்து ரபவுலுக்குத் திசைமானியில் 304 பாகை. அந்தத் தளத்தில் சமையல்காரனுக்குக்கூட அந்த எண் தெரியும்.

"முந்நூத்தி நாலா?"

"ஆமாடா! நேரா! திரும்பாத!"

சீறல்... மூச்சு...

பிறகு வேறொரு குரல். இசோகாய் இல்லை.

"முந்நூத்தி நாலு..."

இன்னொன்று.

"முந்நூத்தி நாலு..."

இன்னொன்று. இன்னொன்று.

128-இல் இருந்தும்.

நவாத்தா கொட்டகையை விட்டு வெளியே ஓடினான். வெளியே வெயில். யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2.40-க்கு ஆறு விமானங்கள் இறங்கின. 163 இல்லை. இசோகாய் மேகத்துக்குள் நுழைந்ததைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். 3.30. இதற்குமேல் எந்த விமானத்திலும் பெட்ரோல் இருக்காது. நவாத்தா ஓடுபாதை ஓரத்திலேயே நின்றான்.

4.10. எஞ்சின் சத்தம்.

தென்கிழக்கில். மேகத்துக்கு மேலே.

"வந்துட்டான்!" நவாத்தா கத்தினான். எல்லோரும் ஓடி வந்தார்கள். பீரங்கிக்காரர்கள் குழலைத் தாழ்த்தினார்கள். தங்கள் எஞ்சின்தான். அந்தச் சத்தம் தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை.

தொபே தலையைச் சாய்த்துக் கேட்டார். காதாலேயே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடக்கூடியவர். அவர் முகம் வெளுத்தது.

"ஒண்ணு மட்டும் இல்ல..."

"என்ன ஐயா?"

"ஏழு... எட்டு... இன்னும் இருக்கு."

பறக்கக்கூடிய விமானங்கள் ஆறும் தரையில் நின்றன.

சத்தம் தளத்துக்கு மேலே வந்தது.

சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது.

எதுவும் இறங்கவில்லை.



4.35-க்கு ஒவ்வொன்றாக நின்றது. விளக்கை அணைப்பது போல. ஒன்று... இன்னொன்று... கடைசியாக ஒன்று மட்டும் வெகுநேரம் கேட்டது.

பிறகு அதுவும் இல்லை.

ஷிமாதானி அன்று பதிவேட்டில் எழுதினார்: "மாலை 4.10 முதல் 4.35 வரை தளத்தின் மேல் எஞ்சின் ஒலி. நமது விமானங்கள். கண்ணில் படவில்லை." தளபதி கையெழுத்துப் போட்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டிகளைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார், அவ்வளவுதான். டிசம்பருக்குள் அந்தப் பிரிவில் பறப்பதற்கு விமானமும் இல்லை, ஆளும் இல்லை.

நவாத்தா ஊர் திரும்பினார். ரேடியோ தொழிலைத் தொடவே இல்லை. ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார்.

1974-இல் ஷிமாதானியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உயிரோடு இருந்தவர்கள் சேர்ந்து பிரிவின் போர் வரலாற்றைப் புத்தகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். குவாடல்கனாலில் இருந்து வரும் வழியில், பூகன்வில் தீவின் மலைச்சரிவில் 163-ஐக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். மூக்கு சரிவுக்குள் நேராகப் புதைந்திருந்ததாம். இன்னும் இருநூறு மீட்டர் உயரமாக வந்திருந்தால் மலையைத் தாண்டியிருக்கும்.

விமானிகள் தொடையில் கட்டிக்கொள்ளும் குறிப்புத் தகடும் கிடைத்திருந்தது. அலுமினியம். பென்சில் அழுத்திய தடம் அழியவில்லை.

"12.41. ரபவுலிலிருந்து குரல். 304. தெளிவாகக் கேட்கிறது."

ஷிமாதானி கேட்டிருந்தார்: "304-இல் நேராக வந்தால் நடுவில் அந்த மலைதான். மேகம் கவிந்தால் கடல் பக்கமாகச் சுற்றி வர வேண்டும், இல்லையென்றால் மேலே ஏற வேண்டும். விமானிகள் எல்லோருக்கும் இது தெரியும். இசோகாய்க்குத் தெரியாதா? ரேடியோவே இல்லாத விமானத்தில், யார் சொன்னதை நம்பி அவர் அப்படி நேராக வந்தார்?"

கீழே பதில் எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்.

நவாத்தா நாலு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பினார்.

"நான்."

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. அந்த இடத்தில், 'காரணம் தெரியவில்லை' என்று அச்சாகியிருந்தது.