தவமணி ரீச்சருக்கு நான் காட்டிய மொன்றியால்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு சரியான மடையன். மற்றவர்கள் சொல்லித் தெரிவதைவிட நானே எழுதிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும் அல்லவா?

மொன்றியாலுக்கு யார் வந்தாலும் ஊர் காட்டுவது நான்தான். இந்தப் பதவியை யாரும் எனக்குத் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். மலைக்கு மேலே ஏற்றுவேன், சூசையப்பர் கோயில் படிகளைக் காட்டுவேன், பழைய துறைமுகத்தில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பேன். சரித்திரம் கேட்டால் தயங்கவே மாட்டேன். "இது பிரெஞ்சு ராசா கட்டினது" என்று அடித்துவிடுவேன். என் கணக்கில் இந்த நகரத்தில் எல்லாமே பிரெஞ்சு ராசா கட்டியதுதான் — மெட்ரோ உட்பட. யாரும் மறுத்ததில்லை.

போன கிழமை வரை.

போன கிழமை தவமணி ரீச்சர் வந்தார். என் மனைவி சாந்திக்குப் பெரியம்மா மகள். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ரொறன்ரோவில் மகளுடன் சில மாதம் நின்றுவிட்டு ஊருக்குத் திரும்புகிற நேரம். சனிக்கிழமை பஸ்ஸில் இங்கே வந்து, ஞாயிறு பின்னேரப் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு.

வருவதற்கு முன்பே போனில் சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்கு மலையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம். சென் லோரன்ஸ் ஆத்தை ஒருக்காக் காட்டினால் காணும். எத்தினை வகுப்புக்கு அதைக் கரும்பலகையிலை கீறிப் படிப்பிச்சிருப்பன்! அந்தத் தண்ணியிலை ஒருக்காக் கையை வைச்சுப் பாக்கவேணும். திரும்பவும் கனடாவுக்கு வருவனோ தெரியாது."

"இதென்ன பெரிய வேலை, ரீச்சர்! மொன்றியாலே ஒரு தீவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணிதான். எங்கடை வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுது!"

எவ்வளவு தன்னம்பிக்கை, பாருங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் நிலையத்தில் ரீச்சரை ஏற்றினோம். பெல்ட்டைப் போட்டதும் கேட்டார்: "ஆத்துக்குத்தானே?"

பக்கத்தில் இருந்த சாந்தி என்னைப் பார்த்தாள். 'நீங்களே சொல்லுங்கோ' என்று அர்த்தம்.

"ஓம் ரீச்சர். அதுக்கு முதல் பக்கத்து ஊர் லவாலிலை எங்கடை ராசன் அண்ணை வீட்டை ஒருக்கா எட்டிப் பாத்திட்டு... உங்களுக்கெண்டு சமைச்சிருக்கினம். போகாட்டில் கோவிப்பினம்."

கோவிப்பினம்! எங்கள் ஆட்களின் சுற்றுலாத் துறையை நடத்துவதே இந்த ஒரு சொல்தான். லண்டனுக்குப் போனோம், பாரிஸுக்குப் போனோம்... என்ன பார்த்தோம்? சித்தப்பா வீடு, மச்சான் வீடு, மச்சானின் தமையன் வீடு. கோபுரத்தை? கார்க் கண்ணாடிக்குள்ளால், சிவப்பு லைட்டில் நின்றபோது. உங்கள் போனில் இருக்கிற படங்களை எடுத்துப் பாருங்கள். எந்த நாடு என்றாலும் பின்னால் ஒரு சோபா.

லவாலுக்குப் போகிற பாலத்தில் ஏறியதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ரீச்சர், கீழை பாருங்கோ — சென் லோரன்ஸ்!"

ரீச்சர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். "தம்பி, நாங்கள் இப்ப எந்தத் திசையிலை போறம்?"

"லவால் பக்கம்."

"அது திசையில்லை."

ஜிபிஎஸ்ஸை ஒரு கண்ணால் பார்த்தேன். "வடக்கு, ரீச்சர்."

"சென் லோரன்ஸ் தீவுக்குத் தெற்காலை எல்லோ ஓடுது? இது பிறேறீஸ் ஆறு. ஒட்டாவா ஆத்தின்ரை ஒரு கிளை. இதுக்குள்ளாலை எங்கை தம்பி கப்பல் போறது?"

சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதும் இதே ஆறுதான். இருபது வருடமாக அதை வேறு ஆறென்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். பாலத்தின் தொடக்கத்தில் பெயர்ப்பலகை இருக்கிறதாம். நான் அதற்குப் பக்கத்தில் இருக்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும்தான் வாசித்திருக்கிறேன். ரொறன்ரோவில் எத்தனையோ குடும்பங்கள் தப்பான ஆற்றோடு எடுத்த செல்ஃபியை ஃபிரேம் போட்டு வைத்திருக்கின்றன. எல்லாம் என் உபயம்.

ராசன் அண்ணை வீட்டில் வழக்கமான சுற்றுலா. எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் விருந்தாளி வந்தால் முதலில் இருத்த மாட்டார்கள்; வீடு முழுவதையும் காட்டுவார்கள். பேஸ்மென்ட், கரோக்கி அறை, வீட்டைச் சூடாக்குகிற புது ஃபர்னஸ்... நுழைவுக் கட்டணம் இல்லை. வெளியே வருவதுதான் கஷ்டம். ரீச்சர் ஒவ்வொன்றுக்கும் "நல்ல வடிவு" என்றார். அண்ணை ஃபர்னஸின் மூடியைக் கழற்றிக் காட்டியபோதும் "நல்ல வடிவு" என்றார். றோல்ஸ், தேநீர், சாப்பாடு, மறுபடி தேநீர். வெளியே வந்தபோது பொழுது பட்டுவிட்டது.

"நாளைக்குக் காலமை முதல் வேலை அதுதான், ரீச்சர்" என்றேன்.

காலையில் முதல் வேலையாக அடித்தது போன். கர்க்லாண்டிலிருந்து தர்சினி — சாந்தியின் தமையன் மகள்.

"லவாலுக்குப் போகத் தெரிஞ்சவைக்கு கர்க்லாண்டுக்கு வரத் தெரியாதோ, மாமா? தவமணி மாமிக்கெண்டு நண்டு வாங்கி வைச்சிருக்கிறன். வராட்டில் பேந்து என்னோடை கதைக்கவேண்டாம்."

போனோம். வேறு என்ன செய்ய?

தர்சினி வீடு புதிது. ஆகவே சுற்றுலாவும் நீளம். மேல்மாடிக் குளியலறையில் அவள் நிலத்தைக் காட்டினாள். "அடியிலை ஹீட்டிங் இருக்கு, மாமி. கையை வைச்சுப் பாருங்கோ."

வெளியே கொளுத்தும் ஆடி மாத வெயில். ரீச்சர் முழங்கால் நோக நோகக் குனிந்து, குளியலறை நிலத்தில் கையை வைத்தார். "நல்ல சூடு, பிள்ளை" என்றார்.

ஆற்றில் வைக்க வந்த கை. எனக்கு எங்கேயோ குத்தியது.

அவர் எழும்பி ஜன்னலடியில் போய் நின்றார். "பிள்ளை, இஞ்சையிருந்து தெற்காலை போனால் என்ன வரும்?"

"ஹைவே, மாமி. அதுக்கங்காலை ஒரு லேக். பிள்ளையளோடை வாத்துப் பாக்கப் போறனாங்கள்."

"அது லேக் இல்லை, பிள்ளை. ஆறு அகண்டு நிக்கிற இடம்."

தர்சினி "அப்பிடியோ!" என்றுவிட்டு நண்டைக் கிளறக் கீழே போய்விட்டாள். ரீச்சர் என்னைப் பார்த்தார். சாப்பிட்டு முடித்தால் நேரே பஸ்ஸுக்குத்தான் நேரம் சரியாக இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கீழே இறங்கிப் போய்த் தர்சினியைக் கேட்டேன். "பிள்ளை, பால் இருக்கோ?"

"ஃபிரிட்ஜ் நிறைய இருக்கு, மாமா."

"எதுக்கும் டெப்பனரிலை ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன். ரீச்சரும் வரட்டும்."

"மூலைக்கடைக்கு மாமி ஏன்?"

"டெப்பனர் பாக்காமல் மொன்றியால் பாத்ததாகுமோ?"

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கேவலமான பொய் இதுதான். ரீச்சர் அதற்குள் கீழே வந்து செருப்பைப் போட்டுவிட்டார்.

காரில் பத்து நிமிட ஓட்டம். புல்வெளி, உட்கார இரண்டு வாங்கு, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர். "போன்ஜூர்" என்றார். நானும் என் முழு பிரெஞ்சையும் திரட்டி "போன்ஜூர்" என்றேன். முன்னால் தண்ணீர்... தண்ணீர்... மறுகரை ஒரு கோடு மாதிரி. அந்தக் கோட்டுக்குக் கிட்ட, ஒரு தெரு நீளத்துக்கு ஒரு கப்பல், அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

ரீச்சர் செருப்பைக் கழற்றினார். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லுக் கல்லாகக் கால் வைத்து இறங்கினார். குனிந்து கையை வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார். நான் வழக்கம் போல ஏதோ சரித்திரம் சொல்ல வாயைத் திறந்தேன்... மூடிக்கொண்டேன். என்னிடமிருந்து மொன்றியாலுக்குக் கிடைத்த முதல் சேவை அதுவாகத்தான் இருக்கும்.

போன் அடித்தது. சாந்தி.

"எங்கை நிக்கிறியள்? சோறு போட்டு மூடி வைச்சிருக்கு. தர்சினியின்ரை முகம் சரியில்லை. பாலுக்கு மாடு தேடிப் போனியளோ?"

வைத்துவிட்டாள். இந்த வருடம் முழுவதும் ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் இந்தக் கதையைச் சொல்லிக் காட்டுவார்கள் என்று தெரியும்.

"ரீச்சர்... வெளிக்கிடுவமே? பிள்ளை கோவிக்கப்போறாள்."

ரீச்சர் திரும்பவில்லை. முழங்கால் வரை தண்ணீரில் நின்று கப்பலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கோவிக்கட்டும்."