காரிலிருந்து ராஜினாமா

நான் மூன்று கம்பெனிகளில் ராஜினாமா செய்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மின்னஞ்சல், ஒரு கேக், "தொடர்புலயே இருப்போம்" என்று ஒரு பொய். அவ்வளவுதான். பயந்து பயந்து ராஜினாமா செய்தது ஒரே ஓர் இடத்தில். அது கம்பெனி இல்லை, கார்.

ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து விடியுமுன் கிளம்பி, கடற்பாலத்தில் எல்லை தாண்டி, சிங்கப்பூரின் வடக்குப் பக்கம் போகும் சாம்பல் நிறக் கார். ஓட்டுவது பக்கத்து வீட்டு அக்கா. குளுவாங்கில் பிறந்தவர். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஸ்டியரிங் பிடித்துவிட்டால் அவரை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. முன்சீட்டில் ஓர் அண்ணன், சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சீட்பெல்ட் மாட்டியதும் தூங்கிவிடுவார். பேச்சு சுவையானால் கண்ணைத் திறக்காமலே கலந்துகொள்வார். பின்சீட்டில் மென்பொருள் எழுதும் நான். சோதனைச்சாவடியில் ஆளுக்கொரு பாஸ்போர்ட் நீட்டாமல் மொத்தக் காருக்கும் ஒரே கியூஆர் குறியீட்டைக் காட்டலாம் என்று வந்தபோது, அதை என் கைப்பேசியில் போட்டு வைத்தது நான்தான். அன்றிலிருந்து பின்சீட்டில் எனக்கு ஒரு பதவி.

வேலை மாறுவதில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. காலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போதே இன்றைக்கு எது உடையும், பழியை யார் யார்மேல் போடுவார்கள் என்று தெரிந்துவிட்டால், அங்கே கற்றது போதும், கிளம்பு. எனக்கு அது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடும். என் நண்பர்கள் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள், பயோடேட்டா பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று. எனக்குப் பல் வலிக்கும்.

இந்தக் கொள்கைக்கு யாருக்கும் சொல்லாத ஓர் உபவிதியும் இருந்தது. புது வேலை எதுவானாலும் அக்கா இறக்கிவிடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல நல்ல அழைப்புகளை எல்லாம் "டெக்னாலஜி புடிக்கல" என்று தட்டிவிட்டிருக்கிறேன். உண்மையில் பிடிக்காதது பேருந்து வரிசை.

அப்போதுதான் சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸிலிருந்து அந்த அழைப்பு வந்தது. துறைமுகத்தில் ஆளில்லாமல் ஓடும் பாரந்தூக்கிகளுக்கு மென்பொருள் எழுத வேண்டும். அதுவரை என் நிரல் திரையில் பொத்தானைத்தான் நகர்த்தியிருந்தது. இங்கே கண்டெய்னரையே தூக்கும்! திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பாலத்தில் கார் நகராமல் நின்றபோது வாயைத் திறந்தேன்.

"அக்கா, வேற வேலை கெடச்சிருக்கு."

"மறுபடியுமா? இப்பதான லா இந்தக் கம்பெனி டேக்க கழுத்துல மாட்டுன?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா."

"அதெல்லாம் ஒரு வருஷமா? எங்க ஆபீஸ்ல காப்பி மிஷின் ரிப்பேருக்கே அவ்ளோ நாள் ஆச்சி. அஞ்சு வருஷமாவது ஒரு எடத்துல இருக்கணும். அண்ணன பாரு, கல்யாணத்துக்கு முந்தி சேந்தாரு, இன்னும் அதே கம்பெனி."

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "நான்தான் மாறல. கம்பெனி மாறிக்கிட்டே இருக்கு. மொதல்ல ஜப்பான்காரன் வச்சிருந்தான், அப்புறம் அமெரிக்காக்காரன். இப்ப யாருன்னே தெரியல, சட்ட மட்டும் பச்சையாயிடுச்சி."

"பாத்தீங்களா, அண்ணனே மூணு கம்பெனி பாத்துட்டாரு!"

"ஆனா ஒரே நாக்காலி," என்றார் அண்ணன், பெருமையாக.

"எங்க வேலை?" அக்கா கேட்டார்.

"துவாஸ்."

அக்கா ரேடியோவை அணைத்தார். "அப்ப ரெண்டாவது பாலம்."

"ஆமாக்கா."

"அப்ப பஸ்ஸு."

"ஆமாக்கா."

"அலமாக்," என்று அதிர்ந்து அண்ணன் இரண்டு கண்களையும் திறந்துவிட்டார்.

விலகுகிறேன் என்றால் மேலாளர்கள் தனியறைக்குக் கூப்பிட்டு, என்ன கொடுத்தால் இருப்பாய் என்று நயமாகக் கேட்பார்கள். அக்கா கேட்கவில்லை. நேராகப் போட்டார்.

"முன்சீட்டு தர்றேன்."

"என்னது?" என்றார் அண்ணன்.

"நீங்க பின்னாடி போங்க, அங்கதான் காலை நீட்டித் தூங்கலாம். நீ முன்னால வா. ரேடியோ உன் இஷ்டம், ஏர்கோன் உன் இஷ்டம்."

எந்தக் கம்பெனியும் என்னை இப்படி அசைத்ததில்லை. முன்சீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதையே யோசித்தேன். ஓரிடத்தில் தேங்கக் கூடாது என்று கண்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்த நான், எந்த வேலையிலும் இருந்ததைவிட அதிக நாள் அந்தப் பின்சீட்டில்தான் இருந்திருக்கிறேன். நான் உட்காரும் இடத்தில் மெத்தை குழிந்தே போயிருந்தது. அக்கா எந்த வளைவில் எந்த லாரியைத் திட்டுவார், அண்ணனின் குறட்டை எங்கே தொடங்கும் என்று எனக்கு மனப்பாடம். என் சொந்தக் கொள்கைப்படி நான் அந்தக் காரைவிட்டு எப்போதோ இறங்கியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை துவாஸுக்குச் சரி சொன்னேன்.

"ஆபீசுக்கு ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்குற இல்ல? காருக்கும் குடு," என்றார் அக்கா. அந்த மாதம் முழுக்க என்னை முன்சீட்டிலேயே உட்காரவைத்தார், மனசு மாறும் என்று. அலுவலகத்தில் பொறுப்பை ஒப்படைக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. காரில் கடைசி நாள்வரை இழுத்தது. அண்ணனைப் பெயர் சொல்லி எழுப்ப முடியாது, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை மூக்கருகே பிரித்தால்தான் எழுவார் என்று அக்காவுக்குக் காட்டினேன். கியூஆரை அவர் கைப்பேசியில் ஏற்றி, ஆளைச் சேர்ப்பது எப்படி, எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். தினமும் "புரியல" என்றார். மருத்துவமனைக் கணக்கையே கணினியில் முடிப்பவர்.

துவாஸில் முதல் நாள். இரண்டாவது பாலத்துக்குப் போகும் பேருந்து வரிசையில், யாரோ ஒருவரின் முதுகுப்பை என் முகத்தில் இடிக்க நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கியூஆர்ல மூணு பேரு காட்டுது. கார்ல நாங்க ரெண்டு பேருதான். கவுண்டர் வேற கிட்ட வந்துடுச்சி!"

"என் பேர அழுத்தி எடுக்கச் சொல்லுங்கண்ணே. அக்காவுக்குக் காட்டியிருக்கேன்."

ஸ்டியரிங் பக்கமிருந்து அக்கா குரல் வந்தது. "எனக்கு எடுக்கத் தெரியும்."

"அப்ப எடுங்கக்கா!"

"எதுக்கு? ஒரு வருஷத்துல நீதான் வேலைய மாத்திடுவியே. அப்ப மறுபடி யாரு உக்காந்து சேக்குறது? நாங்க பாஸ்போர்ட்டையே நீட்டிக்கிறோம்."

அங்கே ஹாரன் சத்தம் கிளம்பியது. அதற்கு நடுவில் அண்ணன் மெல்லக் கேட்டார். "அப்ப நான் முன்னால வந்து உக்காந்துக்கலாமா?"

"வாங்க," என்றார் அக்கா. "ஒரு வருஷத்துக்குத்தான்."