தாத்தாவுக்கு இரண்டாவது மனைவி

எங்கள் குடும்பத்துப் பழைய தாள்கள் பதினெட்டு வருடமாக என் பீரோவில்தான் இருந்தன. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, கல்யாணப் பதிவுகள், நிலப் பத்திர நகல்கள், எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில். யாருக்காவது முன்னோர் விவரம் வேண்டுமென்றால் தலத்தெருவில் என் வீட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும். காபி கொடுத்து, கதையும் சொல்லி அனுப்புவேன். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் திருச்சியிலிருந்து சித்தப்பா மகள் வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். இரண்டே நாளில் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொண்டாள். ஒரே மாதத்தில் ஆளுக்கொரு ஃபோல்டர், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைப்பு, எந்த விவரம் எந்தத் தாளில் இருக்கிறது என்று குறிப்பு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டதும் கைதட்டலும் பூங்கொத்துமாகக் கொட்டியது. "நம்ம குடும்பத்துக்கே நீ வெளக்கும்மா" என்று அத்தை குரல் பதிவே அனுப்பினார். பதினெட்டு வருடம் கரையான் அரிக்காமல் காத்தவளுக்கு ஒரு கட்டைவிரல்கூட இல்லை. வயிறு எரிந்தது.

குலதெய்வப் பூஜைக்கு வம்சாவளியை ஃப்ளெக்ஸ் அடித்து வைப்பதென்று முடிவானது. அச்சுக்குப் போகுமுன் அதை எனக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் பிரெஞ்சு படிக்க வரும்."

பார்த்தேன். எங்கள் வழக்கப்படி மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். எங்கள் தாத்தாவுக்கும் அவருடைய தாத்தாவுக்கும் ஒரே பெயர். இவள் இருவரையும் ஒரே ஆளாக்கி ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தாள். அந்தக் காலத்துப் பதிவுகளில் ஆண்டை எண்ணால் போடாமல் எழுத்தால் எழுதியிருப்பார்கள். பிரெஞ்சு தெரியாதவளுக்கு எந்தக் காலத்துக் கல்யாணம் என்று எப்படி விளங்கும்? ஆக, பெரியவர் கட்டிய மனைவி பேரனுக்கு இரண்டாம் தாரமாகி, எங்கள் அப்பாயிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நல்லா இருக்கு, அடிச்சிடு" என்றேன். சொன்னதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பூஜையன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் ஃப்ளெக்ஸைச் சுற்றிக் கூட்டம். நடுவில் அத்தை, தாத்தாவின் மகள், கத்திக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டியா? எங்கம்மாவுக்குச் சக்களத்தியா? யாரு பாத்த வேல இது?"

தங்கச்சியின் முகம் எப்படிச் சுருங்கப்போகிறது என்று பார்க்க முன்னால் போனேன். அத்தை விரலை நீட்டிய இடத்தில், ஃப்ளெக்ஸின் அடியில், கொட்டை எழுத்தில் 'தொகுத்தவர்' என்று என் பெயர். பக்கத்தில் என் படம். எனக்கு அனுப்பியதில் அந்த வரி இல்லை. அவள் பெயர் எங்கேயுமே இல்லை.

"இத்தன வருஷம் காப்பாத்தி வச்சது நீங்கதானேக்கா" என்றாள் தங்கச்சி, மெல்லிய குரலில். "உங்களுக்குச் சொல்லாம போடணும்னு நெனச்சேன். நீங்கதான் பாத்து சரின்னு சொல்லிட்டீங்களே…"

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"பிரெஞ்சு படிச்சவதானே நீ? இதுகூடவா தெரியல?"

"தெரியல அத்தை" என்றேன். அந்தப் பையைப் பற்றி யார் எது கேட்டும் பதினெட்டு வருடத்தில் நான் சொல்லாத பதில் அது.