நீள லென்ஸும் தாய்மாமன் முகமும்

பூங்கொடியின் வேலை முகங்களோடுதான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏசுதாஸ் நடத்திய ஸ்டூடியோவில் அவள் சேர்ந்தபோது பத்தாவது முடித்திருந்தாள். சொந்த ஊர் படாளம், விவசாயக் குடும்பம். காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்பதால் வீட்டில் சம்மதித்தார்கள்.

சாவு வீட்டிலிருந்து யாராவது ஒரு கல்யாண குரூப் போட்டோவோடு வருவார்கள். பின்வரிசையில் ஒருவரை விரலால் தொட்டுக் காட்டி, "இவருதாம்மா. மாலை போட்டு வைக்கப் படம் வேணும், காரியத்துக்குள்ள" என்பார்கள். மொச்சைக்கொட்டை அளவு முகம் அது. அதைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகச் சிதறும். தூரிகையால் கண்ணையும் மீசையையும் எழுதிச் சேர்ப்பது பூங்கொடியின் பொறுப்பு. "எங்கப்பாவுக்கு இந்த மாதிரி கண்ணு இல்லியே" என்று சொன்ன ஒரு பெண், வேறு வழியில்லாமல் அந்தப் படத்தையே நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனாள். அதைப் பூங்கொடி மறக்கவில்லை.

அதனால், சீமந்தம், மஞ்சள் நீர் போன்ற விசேஷங்களில் படம் எடுக்க ஒரு பெண் வந்தால் தேவலை என்று பலர் கேட்க, சொந்தமாகக் கேமரா வாங்க நினைத்தபோது, அவள் மனதில் ஒரே ஒரு தேவைதான் இருந்தது. முகம் பெரிதாக விழ வேண்டும்.

கேமரா கல்பாக்கத்தில் கிடைத்தது. அணுமின் நிலையக் குடியிருப்பில் இருந்த பொறியாளர் செல்வராஜ், மாமல்லபுரம் கடற்கரையில் எடுக்கும் படங்களை இந்த ஸ்டூடியோவில்தான் கழுவக் கொடுப்பார். பயிற்சிக்காக ரஷ்யா போனபோது வாங்கிவந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அவரிடம் இரண்டு இருந்தது. ஒன்றைக் கொடுக்கச் சம்மதித்தார்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்ப, இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் படம் தெளிவு. லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். ஆனால் எந்த லென்ஸை மாட்டினாலும் ஜன்னல் காட்டுவது ஒரே காட்சியைத்தான்.

சாப்பாட்டு மேஜையில் துண்டு விரித்து செல்வராஜ் மூன்று லென்ஸ்களை வைத்தார். குட்டை, நடுத்தரம், நீளம். "ஒண்ணு எடுத்துக்கோம்மா. புதுசா பழகுறவங்களுக்கு நடுத்தரம்தான் சரி."

"மூஞ்சி பெருசா வரணும்னா எது சார்?"

நீளத்தைக் காட்டினார். அவள் அதைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த லென்ஸோடு சேர்த்து, அது பிடிக்கும் அளவை மட்டும் காட்ட, கேமராவின் தலையில் பொருத்திப் பார்க்கும் தனிக் கண்ணாடி ஒன்று வந்திருந்தது. அது எப்போதோ தொலைந்துபோயிருந்தது. அதைப் பற்றி அவர் சொல்ல நினைக்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஸ்டூடியோவில் ஏசுதாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பீரங்கி வாங்கினு வந்துகீறா பாரு. கண்ணாலத்துக்கா, சண்டைக்கா?"

முதல் வேலை பக்கத்து வீட்டு வசந்தாவுடையது. குழந்தைக்குத் திருப்போரூர் முருகன் கோயிலில் காது குத்து. அது வெறும் காது குத்து இல்லை என்பது படாளத்தில் எல்லோருக்கும் தெரியும். வசந்தாவின் அப்பா இறந்தபோது அண்ணன் முனிசாமி லாரியோடு ஆந்திரா பக்கம் இருந்தான். சேதி போய்ச் சேர்ந்து அவன் வருவதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள். இனி காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவள் வசந்தா. அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து தங்கையோடு பேச்சில்லை. அவள் வீட்டில் கை நனைப்பதில்லை. ஆனால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பெரியவர்கள் போய்ப் பேசியதில், அந்த ஒரு காரியத்துக்காக வருகிறேன் என்று இறங்கி வந்தான்.

கோயிலில் அவன் வசந்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் குழந்தையை வாங்கினான், ஆசாரி குத்தினார், குழந்தை வீரிட்டது, குனிந்து அதன் நெற்றியில் முத்தம் வைத்தான். பூங்கொடி ஜன்னலில் பார்த்தாள். மாமன், குழந்தை, வசந்தா, அவள் புருஷன், பின்னால் நின்ற சனம், எல்லோரும் அழகாக உள்ளே இருந்தார்கள். ஒரு ரோல் முழுவதும் எடுத்து முடித்தாள்.

கழுவி வந்த படங்களை ஸ்டூடியோ மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். எல்லாப் படத்திலும் நடுவில் இருந்தது மட்டும் பெரிதாக விழுந்திருந்தது. அழும் குழந்தையின் முகம். அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். கழுத்துக்குக் கீழே ஒரு சட்டை, இல்லையென்றால் குனிந்த உச்சந்தலை. ஒன்றில் வசந்தாவின் புருஷன் முகம் முழுசாக இருந்தது. முனிசாமியின் முகம் ஒன்றில்கூட இல்லை.

அவள் விளக்கம் சொல்லக் கிளம்புவதற்குள், வசந்தாவின் புருஷன் அவள் இல்லாத நேரத்தில் ஸ்டூடியோவுக்கு வந்து ஏசுதாஸிடம் படங்களை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு செட்டைத் திருப்போரூரில் குடியிருந்த மைத்துனன் முனிசாமிக்கு அனுப்பிவிட்டான். திருப்போரூரிலிருந்து ஆள் மூலம் பதில் வந்தது. "அப்பன் மூஞ்சியத்தான் காட்டல. இப்ப என் மூஞ்சியும் வாணாம்னு வெட்டிட்டாளா? சொல்லு அவகிட்ட, இனிமே அண்ணன்னு ஒருத்தன் இல்ல."

வசந்தா பூங்கொடியின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. "ஏன்டி, எங்கண்ணன் மூஞ்சி எங்கடி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் ஸ்டூடியோவில் பூங்கொடி கேமராவின் பின்மூடியைக் கழற்றினாள். ஃபிலிம் ஓடும் இடத்தில், ஆல்பத் தாள்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டினாள். வேகச் சக்கரத்தை 'B' என்ற எழுத்தில் வைத்துப் பட்டனை அமுக்கியபடியே பிடித்தால் ஷட்டர் திறந்தே இருக்கும். தெரு வெளிச்சம் தாளில் விழுந்தது. லென்ஸ் உண்மையில் எவ்வளவு பார்க்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலில் எதிர்க்கடை முழுவதும் இருந்தது. தாளில் கடைக்காரரின் தலை மட்டும்.

கேமராவை எடுத்துக்கொண்டு, வசந்தாவையும் கூட்டிக்கொண்டு திருப்போரூருக்கு பஸ் ஏறினாள்.

முனிசாமி வீட்டு முன்னால் டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தான். தங்கையைத் தாண்டி பூங்கொடியைப் பார்த்தான். "இன்னாம்மா, மிச்சம் எதுனா கீதா வெட்றதுக்கு?"

"அண்ணா, தப்பு என்னுது. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

"கேமரா தானா வெட்டுதா? காதுல பூ சுத்தாத."

"நம்ப வாணாம். நீயே பாரு. பாத்துட்டு அப்புறம் ஏசு."

வசந்தாவைத் தெருவில் வெயிலில் நிற்கச் சொன்னாள். முனிசாமி வேண்டாவெறுப்பாக ஜன்னலில் கண் வைத்தான். "தெருவே தெரியுது. டெம்போ, மாடு, எல்லாம். அவளும் தெரியறா."

"இப்ப இந்தத் தாளப் பாரு. தலைமேல துண்டப் போட்டுக்கோ, அப்பத்தான் தெரியும்."

தோளில் கிடந்த துண்டைத் தலையோடு மூடி, டெம்போ நிழலில் குனிந்தான். பூங்கொடி பட்டனை அமுக்கினாள். பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் நின்று, "இன்னா மச்சான், ஆவி புடிக்கிறியா?" என்றான். முனிசாமி துண்டை இன்னும் இறக்கி மூடிக்கொண்டான்.

தாளில் வசந்தாவின் முகம் மட்டும் தலைகீழாக நின்றது. தெருவும் மாடும் இல்லை. வெயிலுக்குச் சுருங்கிய கண்கள், உள்ளே போன கன்னம், காதோரம் நரை. பேச்சு நின்றபிறகு அவன் அந்த முகத்தை நேராகப் பார்த்ததே கிடையாது. பூங்கொடிக்கு விரல் வலித்தது. பட்டனிலிருந்து அதை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது அதே துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"தலகீழா கீது," என்றான்.

"லென்ஸு அப்டித்தாண்ணா காட்டும்."

டெம்போவின் சக்கரத்தை மறுபடி துடைத்தான். பிறகு தெருப்பக்கம் திரும்பாமலே சொன்னான். "இன்னும் இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற. உள்ள வா. உங்கண்ணி சோறு ஆக்கிட்டா."

வசந்தா அசையவில்லை. "நீ எங்கூட்ல கை நனைப்பியா?" என்று கேட்டாள்.

"நாயித்துக்கெழம வரேன். மொதல்ல நீ துன்னு."

அந்த வாரமே பூங்கொடி கல்பாக்கம் போய், நீள லென்ஸைச் செல்வராஜின் மேஜையில் வைத்தாள். அவர் காரணம் கேட்டார். நடந்ததைச் சொன்னாள். தனிக் கண்ணாடியைப் பற்றி அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டார். நடுத்தர லென்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதையே கடைசிவரை வைத்திருந்தாள். டிஜிட்டல் வந்து, ஏசுதாஸ் ஸ்டூடியோவை மூடிய பிறகும் சில வருஷம் அதில்தான் எடுத்தாள்.

வசந்தாவின் குழந்தை பெரியவளானபோது மஞ்சள் நீருக்கு முனிசாமி சீர்வரிசையோடு டெம்போவில் வந்து இறங்கினான். குடும்பப் படத்துக்கு எல்லோரும் நின்றார்கள். அவன் ஓரத்தில் நின்றான். பூங்கொடி ஜன்னலில் பார்த்தாள். பிறகு கேமராவை இறக்கிவிட்டு நடந்துபோய், அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தங்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அங்கியே நின்னா விழமாட்டனா?"

"விழுவண்ணா. இருந்தாலும் இங்க நில்லு."