இஸ்திரி மேஜை

டீச்சர் எதை வேண்டுமானாலும் மன்னிப்பாள், காப்பியடிப்பதை மட்டும் மன்னிக்க மாட்டாள். சொந்த ஊரில் பதினெட்டு வருடம் ஆங்கிலம் நடத்தியவள். பரீட்சை அறையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், பக்கத்துப் பேப்பரை மேய்கிற கண்கள் எல்லாம் நல்ல பிள்ளையாகத் தன் பேப்பருக்குத் திரும்பிவிடும். அந்தக் கெத்தோடுதான் விமானம் ஏறினாள்.

புது நகரத்தில் கெத்து நாலு நாள்கூடத் தாங்கவில்லை. ஊர்மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கடைக்குப் போனால் வெங்காயத்தைக்கூட விரலால் காட்டித்தான் வாங்க வேண்டும். நாலாவது மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், இரண்டு மடக்கு நாற்காலி. இரண்டாவது நாற்காலி கணவருக்கு. வாங்கிய நாளிலிருந்து அது சுவரில் சாய்ந்தே நின்றது. ஆறு மாதத்துக்குள் ஊர்மொழிப் பரீட்சையில் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் வேலையும் இல்லை, கணவருக்கும் மகளுக்கும் விசாவும் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதனால் காலையில் மொழிப் பயிற்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள், மாலையில் அதே கட்டடத்தின் முதல் மாடியில் நோட்டும் கையுமாக மாணவியாக உட்கார்ந்தாள்.

மாலை வகுப்பில் அவள் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு லாண்டிரியில் இஸ்திரி போடுபவர். ஐம்பதை நெருங்கியவர், தமிழர். காலையில் அவளுடைய ஆங்கில வகுப்பிலும் அவர் இருந்தார். அங்கே அவள் டீச்சர், இங்கே இருவரும் ஒரே பெஞ்சு. இதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கடுப்பு. அவருக்கு ஊர்மொழி மளமளவென்று வந்ததில் இன்னும் கொஞ்சம் கடுப்பு.

மூன்றாவது மாதம் அவள் வைத்த ஆங்கிலத் தேர்வில் அவர் பேப்பரும் பக்கத்து இளைஞனின் பேப்பரும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. இளைஞன் இஸ்திரி கலையாத சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலைதான் குற்றவாளித் தலை என்று அவளுக்குப் பதினெட்டு வருட அனுபவம். எல்லார் முன்னாலும் அவர் பேப்பரைக் கிழித்தாள். வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் போட்டவளே தமிழில் கேட்டாள்:

"இந்த வயசுல இது தேவையா? வெக்கமா இல்ல?"

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூலை மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து காலை வகுப்பில் அதுதான் அவர் இடம்.

ஊர்மொழிப் பரீட்சை நாளும் வந்தது. வாடகை வீட்டின் சொந்தக்காரருக்குப் புகார்க் கடிதம் எழுது என்பது பெரிய கேள்வி. அவளுக்கு மண்டை காலி. வணக்கம் மட்டும் எழுதிவிட்டு இருபது நிமிடம் பேனாவைக் கடித்தாள். மகளின் முகம் வந்து வந்து போனது. பக்கத்தில் அவர் சரசரவென்று எழுதிக்கொண்டிருந்தார். அவள் கண் போனது. தானாகப் போனது என்று பிறகு தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். பொய், அவள்தான் பார்த்தாள்.

அவர் கவனித்துவிட்டார். இப்போது பேப்பரை மறைத்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவரோ முழங்கையை மெல்ல நகர்த்தினார், அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. அந்தக் கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்பு இருந்தது. அன்று ஆங்கிலத் தேர்வில் யார் யாரைப் பார்த்து எழுதியது என்பது அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துபோயிற்று. புரிந்த பிறகும் எழுதினாள், பொருள் தெரியாத வார்த்தைகளைக்கூட விடாமல்.

நாலாம் நாள் பரீட்சை அதிகாரி இருவரையும் கூப்பிட்டார். இரண்டு கடிதங்களிலும் கூரை ஒழுகி இஸ்திரி மேஜை நனைந்திருந்தது.

"யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள்?"

"நான்தான்" என்றார் அவர். டீச்சர் மேஜைமேல் இருந்த தன் கடிதத்தைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த தழும்பை அதிகாரி பார்க்கவே இல்லை. அவள் பாஸ், அவருக்கு ஆறு மாதத் தடை.

மாடிப்படியில் அவரை நிறுத்தினாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"விடுங்க டீச்சர். குடும்பத்தப் பத்தின பாடத்துல உங்க பொண்ணு போட்டோ காட்டுனீங்களே, பல்லு விழுந்த வாயோட சிரிச்சுக்கிட்டு. அது வரணும்ல? எனக்கு இங்க வர யாரு இருக்கா? அடுத்த தடவ எழுதிக்கிறேன்."

"அன்னைக்கு நான் கிழிச்ச பேப்பர்..."

"அந்தப் பையன் கேட்டான், காட்டுனேன். அதுவும் தப்புதானே" என்று சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போனார்.

வெட்கத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அதிகாரியின் அறைக்குப் போய், நல்ல ஆங்கிலத்தில், பிழையே இல்லாமல் சொன்னாள்: "பார்த்து எழுதியது நான்."

அதிகாரி சிரித்தார். "மாணவர்மேல் எவ்வளவு பாசம் உங்களுக்கு! பழியைக்கூட நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்களே."

வழி நெடுக ஒத்திகை பார்த்த இன்னொரு வாக்கியம் அவளிடம் இருந்தது. 'என் வீட்டில் இஸ்திரி மேஜையே கிடையாது.' அதைச் சொன்னால் அதிகாரி நம்பியே ஆக வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சுவரில் சாய்ந்து நின்ற நாற்காலி நினைவுக்கு வந்தது. வாக்கியத்தை விழுங்கிவிட்டு, நன்றி சொல்லி வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் நிலையத் தலைவர் பாராட்டுச் சான்றிதழோடு அவள் வகுப்புக்கே வந்தார். தன் மாணவருக்காகப் பழியைச் சுமக்க முன்வந்த ஆசிரியை இவர் என்று நீட்டி முழக்கினார். வகுப்பே எழுந்து கைதட்டியது. மூலை மேஜையிலிருந்து அவரும் எழுந்து தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார், சிரித்த முகமாக. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.