அவள் குடிக்காத ஆடாதோடைக் கஷாயம்

2012 டிசம்பரில் என் மனைவிக்கு வந்த இருமல் பொங்கல் நெருங்கியும் விடவில்லை. பாரிஸின் லா ஷப்பல் பகுதியில், ஐந்தாவது மாடியில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. படியேறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமுவாள். நான் முதுகைத் தடவிவிடுவேன். மருந்துக்கடையில் வாங்கிவந்த சிரப்பின் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை. "அந்த வாசனையே குமட்டுது" என்றாள். நம்பிவிட்டேன்.

சின்ன வயதில் எனக்கு இருமல் வந்தால் அப்பா ஆடாதோடை இலையைக் காய்ச்சித் தருவார். கசப்பில் நாக்கு மரத்துப்போகும். ஆனால் நெஞ்சுச்சளி இளகிவிடும். ஒரு சனிக்கிழமை அது நினைவுக்கு வர, ரூ காய் என்ற தெருவில் இருக்கும் மளிகைக்கடைக்குப் போனேன். கடை அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். உலர்ந்த இலைப் பொட்டலத்தை எடுத்தவர், கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆருக்குத் தம்பி?"

"வைஃபுக்கு அக்கா. ஒரு மாசமா இருமல்."

"பிள்ளைத்தாச்சியோ?"

"சேச்சே, இல்லைக்கா."

"வயித்திலை பிள்ளை இருந்தா ஆடாதோடை கூடாது, கரு கலைஞ்சு போயிடும். எதுக்கும் ஒருக்கா அவவிட்டைக் கேட்டுப்போட்டுக் குடுங்கோ."

தலையாட்டிவிட்டு வந்தேன். இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை இலையோடு மிளகும் அதிமதுரமும் தட்டிப்போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டும்வரை காய்ச்சினேன். வடிகட்டி, தேன் கலந்து நீட்டினேன். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"ஆடாதோடை. கர்ப்பமா இருந்தா குடிக்கக் கூடாதுன்னு கடைக்கார அக்கா பயமுறுத்தினாங்க. நமக்கென்ன, நீ குடி."

அவள் டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தாள். வெளியே பாலத்தின் மேல் மெட்ரோ போனது.

"ஒன்பது வாரம்" என்றாள்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "ஏன் சொல்லல?"

"போன தடவை சொன்ன அன்னிக்கே நீங்க தொட்டில் பார்க்கக் கிளம்பிட்டீங்க. பத்து நாள்ல எல்லாம் போச்சு. அப்புறம் பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு நீங்க அழுதீங்க. எனக்குக் கேட்டுச்சு. இந்தத் தடவை மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தேன்."

கஷாயத்தைத் தொட்டியில் கொட்டினேன். டம்ளரை மூன்று முறை கழுவினேன். "போதும், உடைச்சிடுவீங்க" என்று சிரித்தவளுக்குச் சிரிப்பே இருமலாகிவிட்டது. அவள் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகம் வைத்துக்கொண்டேன். இந்த முறை குழாயைத் திறந்துவிடவில்லை.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் முதுகிலும் நெஞ்சிலும் பொறுமையாக வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, தேனும் வெந்நீர் ஆவியும் போதும், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்றார். இலைப் பொட்டலத்தைக் காட்டினேன். வேண்டாம் என்று அவரும் தலையசைத்தார்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் வெந்நீர் வைப்பேன். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிவாள். எனக்கு ஒன்றுமில்லை என்றாலும் நானும் தலையை உள்ளே நுழைத்துக்கொள்வேன். வெளிச்சத்தில் சொல்லப் பயந்த பெயர்களையெல்லாம் அந்த ஆவிக்குள்தான் சொல்லிப் பார்த்தோம்.

இருமல் எந்த நாளில் நின்றது என்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. ஆகஸ்டில் மகள் பிறந்தாள்.