வேலை நின்ற மாசத்துக்கு எவ்வளவு வேண்டும்

மடியில் கேஸ் அடுப்பு, காலடியில் பாத்திர மூட்டை. அப்படித்தான் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். குழி வரும்போதெல்லாம் அடுப்பு முனை வயிற்றில் இடித்தது. என் வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தார். இரும்பு உருக்கும் கம்பெனியில் அவர் கான்ட்ராக்ட் ஆள். கம்பெனி நின்றது, சம்பளமும் நின்றது. அட்வான்ஸ் பணம் வாடகையில் கழிந்த பிறகு ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். போவதற்கு என் நாத்தனார் வீடு ஒன்றுதான் இருந்தது.

என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி அவள். புருஷன் இல்லை. ஒரு மகள். ஒரே ரூம். நடுவில் புடவையைக் கட்டி, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் பொண்ணோடு நாங்கள் மூணு பேரும். அவளும் கம்பெனி ஆள்தான், வேறொரு மில் கேன்டீனில் சோறு போடுகிறவள். நாங்கள் இருந்த வரைக்கும் ஒரு சொல் சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பேன்.

பிறகு அவள் இருக்கும் மில்லிலேயே என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் மறுபடி வீடு பிடித்தோம். இனி ஒருமுறை அந்த அடுப்பை மடியில் வைக்கக் கூடாது என்று இருந்தேன். பணம் சேர்க்கணும். ஆனால் எவ்வளவு? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். பூண்டு உரித்துக்கொண்டே கணக்கைச் சொன்னேன். வாடகை, அரிசி, பால், கேஸ், கரண்டு, பொண்ணுக்கு ஸ்கூல் வேன். இதே மாதிரி மூணு மாசத்துக்கு இருந்தால் போதும் என்றேன்.

"அரிசி எவ்ளோ போட்ட?"

"இப்ப வாங்கறதுதான்."

"அப்ப இதுல எங்கண்ணனக் காணோமே அண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"பகல் சோறு, ஓ.டி. பாத்தா ராத்திரி சோறு, டீ, எல்லாம் கேன்டீன்ல நான்தான போடறேன்? வேல நின்னா அது எங்க வந்து துன்னும்? உன் ஊட்லதான். இந்த வேலைக்கி வந்ததுலேர்ந்து எங்கண்ணன் துன்றத நீ முழுசா பாத்ததே இல்ல. ஞாயித்துக்கெழம தூங்கியே கழிச்சிடுது."

பாயில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார். "என் சோத்தயா எண்ணிக்கினு கீற?"

"அதுக்குத்தான்ணா எனக்கு சம்பளம்."

இன்னொன்றும் சொன்னாள். வேலை கிடைத்த அன்றைக்கே கஷ்டம் தீராது. புது கான்ட்ராக்டர் ஒரு மாசம் முழுக்க வேலை வாங்கிவிட்டு, அடுத்த மாசம் பாதியில்தான் சம்பளம் போடுவான். அதுவரை பஸ் காசு நம்முடையது. ஷூவும் நாம்தான் வாங்கணும். "வேலைக்கிப் போய்க்கினே பட்டினி கெடக்கற மாசம்னு ஒண்ணு கீது அண்ணி. அத யாரும் கணக்குல சேக்கறதில்ல." நிஜம்தான். போன தடவை வேலை கிடைத்த பிறகும் அவள் ரூமில்தான் கிடந்தோம். அதை நானே மறந்திருந்தேன்.

"சனிக்கெழம பாட்டில் காசயும் கணக்குல சேக்கவா?" என்று கேட்டேன்.

"அத சேத்தா வேலைக்கே போவாது."

மூணு மாசம் என்று நான் சொன்னது ஐந்து மாசமாக ஆனது. எப்போது சேரப்போகிறது என்று மலைப்பாக இருந்தது. ஓ.டி. பணத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது நேராகப் போஸ்ட் ஆபீஸ் போனது. நடுவில் அவர் பைக்குக்கு முன்பணம் கேட்டார். இல்லை என்றேன். ரெண்டு நாள் பேசாமல் இருந்தார். பிறகு அவரே விட்டுவிட்டார். இப்போது நாத்தனார் மகளோடு பள்ளிப்பட்டில் இருக்கிறாள். வருகிற போதெல்லாம் முதலில் கேட்பது போஸ்ட் ஆபீஸ் பணத்தைப் பற்றித்தான். இன்றைக்கும் வேலை நிற்காமல் அதில் கை வைப்பதில்லை.

ஒருமுறைதான் எடுத்தேன். மில்லில் கான்ட்ராக்டர் மாறினார். புது ஆள் தன் ஆட்களோடு வந்தார். என் வீட்டுக்காரரிடம் கேட்டிலேயே கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பகல் சோறு சாப்பிட்டார். பானை காலியானதைப் பார்த்தேன். நாத்தனார் சொன்னது சரி. அரிசி கூடுதலாகவே வாங்கினேன். வாடகையைத் தேதிக்குக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு கம்பெனி கேட்டாகப் போய் நின்றார். கடைசியில் ஒரு இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் மட்டும் வரவில்லை. அவள் சொன்ன அந்தப் பட்டினி மாசம் வந்தது.

அப்போதுதான் ஒரு சாயங்காலம் நாத்தனார் ஆரம்பாக்கத்திலிருந்து வந்து நின்றாள். உட்காரவில்லை.

"ரூம்ல ஒரு பக்கம் காலி பண்ணி வச்சிட்டேன். வந்துடுங்க."

"வேணாம்மா. அடுத்த மாச வாடகையும் கையில கீது."

என் முகத்தையே பார்த்தாள். உள்ளே போய் அரிசி டப்பா மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு வந்து சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அப்பாடா."

"உனக்கு இன்னா அப்பாடா?"

"எங்கண்ணன் கொறட்ட அண்ணி. அந்த தடவ நானும் எம்பொண்ணும் காதுல பஞ்ச வச்சிக்கினுதான் படுத்தோம். அப்பவும் தூக்கம் இல்ல. கேன்டீன்ல சோறு போடசொல்லோ நின்னுக்கினே தூங்குவேன்."

என் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அப்பவே சொல்றதுதான?" என்றார்.

"போக எடம் இல்லாம வந்தவங்களாண்ட கொறட்டயப் பத்தி எப்டிண்ணா பேசறது?"

அவர் ஷூவை மூலையில் வைத்தார். பிறகு சிரித்தார். அவள் அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே படுத்தாள். பஞ்சு கேட்டாள், கொடுத்தேன்.